வெற்று வலைப்பக்கம்

வெற்று வலைப்பக்கம் என்பது, வலை உலாவியில் ஒரு முகவரியைத் திறக்கும்போது எழுத்தோ, படமோ, பிழைச்செய்தியோ இன்றி வெண்திரை மட்டும் தோன்றும் நிலையைக் குறிக்கும். அதுவரை ஒழுங்காக இயங்கிவந்த இணையத்தளமும் திடீரென இந்நிலையை அடைவதுண்டு. விண்டோசு இயக்குதளம் முடங்கும்போது தோன்றும் "நீலத் திரை மரணம்" என்பதை ஒட்டி, நிரலாளர்கள் இதனை "வெண்திரை மரணம்" என வேடிக்கையாக அழைப்பர்.

காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாக இருப்பதைப் போல, வெற்றுப் பக்கமும் பல பழுதுகளின் பொது அறிகுறி ஆகும். வழங்கியில் நிரல் இடையில் நின்றுபோதல், பக்கத்தின் குறிமொழியில் பிழை, உலாவியில் இயங்கும் நிரல் முறிதல், தமிழ் எழுத்துக்களின் பைட்டுகள் தவறாக வெட்டப்படுதல் ஆகியன முதன்மைக் காரணங்கள் ஆகும். பெரும்பாலான நேரங்களில் தளத்தின் உள்ளடக்கம் அழிவதில்லை. அதனைக் காட்டும் வழி மட்டுமே அடைபடுகின்றது.

விக்கித் தளங்களில் ஒரு பயனர் கட்டுரையின் முழு உரையையும் நீக்கிச் சேமிப்பது "பக்கத்தை வெறுமையாக்கல்" எனப்படும். அது ஒரு தொகுப்புச் செயல். இங்கு விளக்கப்படும் பழுதினின்றும் வேறானது.

பக்கம் உலாவியை வந்தடையும் முறை

இராஜபாளையத்தில் ஒருவர் தம் கணினியில் ஒரு முகவரியைத் தட்டுகின்றார் எனக் கொள்வோம். பக்கம் திரையில் தோன்றுவதற்கு முன் பின்வரும் படிகள் நிகழ்கின்றன.

1. உலாவி, களப்பெயர் முறைமையைக் கேட்டு, அம்முகவரிக்குரிய வழங்கியின் எண் முகவரியைப் பெறுகின்றது.
2. அவ்வழங்கியுடன் இணைப்பை ஏற்படுத்தி, பக்கத்தைக் கோருகின்றது.
3. வழங்கியில் உள்ள நிரல் இயங்கி, தரவுத்தளத்திலிருந்து உரையை எடுத்து, மீயுரைக் குறிமொழியில் ஒரு பக்கத்தை ஆக்குகின்றது.
4. ஆக்கப்பட்ட பக்கம், ஒரு நிலைக்குறியீட்டு எண்ணுடன் உலாவிக்கு அனுப்பப்படுகின்றது.
5. உலாவி அக்குறிமொழியைப் படித்து, நடைதாள்கள், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வரவழைத்து, பக்கத்தை வரைகின்றது.

முதல் இரண்டு படிகளில் தடை ஏற்பட்டால் உலாவி தானே ஒரு செய்தியைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கடலடி வடங்கள் துண்டிக்கப்பட்டதால் இந்தியாவின் இணையத் தொடர்பு பெரிதும் பாதிக்கப்பட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பு வழித்தட அறிவிப்புகள் விலக்கப்பட்டதால் அதன் தளங்கள் ஏறத்தாழ 6 மணி நேரம் உலகெங்கும் கிடைக்காமல் போயின. இத்தகைய நேரங்களில் பயனர் காண்பது "தளத்தை அடைய இயலவில்லை" என்பது போன்ற செய்தியே அன்றி வெற்றுப் பக்கம் அன்று.

எனவே, திரை முற்றிலும் வெறுமையாக நின்றுவிட்டதெனில், வழங்கி உயிருடன் இருக்கின்றது, இணைப்பும் கிடைத்துவிட்டது, பழுது 3 முதல் 5 வரையான படிகளில் உள்ளது எனப் பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

வழங்கியில் எழும் காரணங்கள்

மறைக்கப்பட்ட பிழைச்செய்தி

வலைத்தளங்களை ஆக்குவதில் பெரிதும் பயன்படும் பி.எச்.பி. மொழியில், கடும்பிழை ஒன்று நேர்ந்தால் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அப்பிழையைத் திரையில் காட்டலாமா என்பதை ஓர் அமைப்பு முடிவு செய்கின்றது. பிழைச்செய்தியில் கோப்புகளின் இருப்பிடம், தரவுத்தள அட்டவணைகளின் பெயர் முதலியன வெளிப்படலாம் என்பதால், பொதுமக்கள் பயன்படுத்தும் வழங்கிகளில் இவ்வமைப்பை அணைத்து வைப்பது வழக்கம். இதனால் நிரலும் நின்றுவிடும். நின்றதற்கான காரணமும் தெரியாது. பார்வையாளருக்கு எஞ்சுவது வெண்திரை. வெற்றுப் பக்கத்தின் மிகப் பொதுவான வடிவம் இதுவே.

இவ்வாறு நின்ற நிரலுக்கு, புதிய பி.எச்.பி. பதிப்புகள் 500 என்னும் நிலைக்குறியீட்டை அனுப்புகின்றன. பழைய பதிப்புகள், எல்லாம் ஒழுங்காக உள்ளது எனப் பொருள்படும் 200 என்னும் குறியீட்டையே அனுப்பின. 500 குறியீட்டுடன் வெற்று விடை வந்தால் சில உலாவிகள் தாமே ஒரு செய்தியைக் காட்டும். வேறு சில வெறுமையாகவே விட்டுவிடும். ஒரே தளம் ஒருவர் கணினியில் வெண்திரையாகவும் மற்றவர் கணினியில் பிழைச்செய்தியாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

நினைவக எல்லையும் நேர எல்லையும்

ஒரு பக்கத்தை ஆக்க நிரல் பயன்படுத்தக்கூடிய நினைவகத்திற்கு எல்லை உண்டு. பி.எச்.பி.யில் இதன் இயல்பு அளவு தொடக்கத்தில் 8 மெகாபைட்டாக இருந்தது, 5.2 பதிப்பில் 16 மெகாபைட்டாகவும், பின்னர் 128 மெகாபைட்டாகவும் உயர்த்தப்பட்டது. இயங்கும் நேரத்தின் இயல்பு எல்லை 30 வினாடிகள் ஆகும். தளம் வளர வளரக் கட்டுரைகளும் வார்ப்புருக்களும் செருகுநிரல்களும் பெருகி, ஒரு நாள் இவ்வெல்லைகளுள் ஒன்று மீறப்படும். "நேற்றுவரை ஓடியது, எதையும் மாற்றவில்லை" எனத் தள உரிமையாளர் கூறுவது இத்தருணத்தில் உண்மையே. அவர் நிரலை மாற்றவில்லை, தரவு வளர்ந்துவிட்டது.

பதிப்பு மாற்றம்

வழங்கியை வாடகைக்கு விடும் நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய தளங்கள் ஒரே இரவில் வெறுமையாகலாம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகுவதற்கு 2000களில் எழுதப்பட்ட தளங்கள் பயன்படுத்திய பழைய செயற்கூறுத் தொகுதி, 2013 இல் வெளியான பி.எச்.பி. 5.5 இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆர்வலர்கள் ஒருமுறை எழுதிவிட்டுப் பின்னர் தொடாதிருந்த தளங்கள், வழங்கி இப்பதிப்புக்கு மாறியதும் முதல் தரவுத்தள அழைப்பிலேயே நின்றுபோயின. தரவுத்தளத்தில் இருந்த படைப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை எனினும், தளம் அழிந்துவிட்டதாகக் கருதி உரிமையாளர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், அதன்பின் அவை உண்மையாகவே அழிந்துவிடும்.

உலாவியில் எழும் காரணங்கள்

முடிக்கப்படாத ஒட்டுகள்

மீயுரைக் குறிமொழியில் தலைப்பு ஒட்டு மூடப்படாமல் விடப்பட்டால், அதன் பின்வரும் பக்கம் முழுவதையும் உலாவி தலைப்பின் பகுதியாகவே கொள்ளும். நிரல் ஒட்டு முறையாக மூடப்படாவிட்டாலும் எஞ்சிய உரை நிரலாகக் கருதப்பட்டு மறைந்துவிடும். 1990களின் இறுதியில் பரவலாக இருந்த நெட்ஸ்கேப் 4 உலாவி, அட்டவணை ஒட்டு மூடப்படாத பக்கங்களை வெறுமையாகக் காட்டியது. அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரிந்தமையால், பிழை தளத்தில் உள்ளதென்பதை ஆக்கியோர் அறியாதிருந்தனர்.

காத்திருக்கும் திரை

பக்கத்தின் தலைப்பகுதியில் குறிக்கப்பட்ட நடைதாள்களும் சில வகை நிரல்களும் வந்து சேரும்வரை உலாவி எதையும் வரைவதில்லை. அந்நிரல் வேறொரு வழங்கியில் இருந்து, அவ்வழங்கி விடையளிக்காமல் இருந்தால், தளம் நலமாக இருந்தும் திரை வெண்மையாகவே நிற்கும். 2000களில் தமிழ் வலைப்பதிவுகள் பலவும் வருகை எண்ணிகள், திரட்டிகளின் வாக்குப்பட்டைகள், கடிகாரங்கள் முதலிய அயல் நிரல்களை இணைத்திருந்தன. அவற்றுள் ஒன்று மெதுவானாலும் அதனை இணைத்த பதிவுகள் அனைத்தும் திறக்கத் தாமதித்தன.

ஜாவாஸ்கிரிப்ட் முறிவு

2010களுக்குப் பின் உருவாக்கப்பட்ட பல தளங்களில், வழங்கி அனுப்பும் பக்கம் ஏறத்தாழ வெற்றுச் சட்டமே ஆகும். உரையை இட்டு நிரப்புவது உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட். அந்நிரற்கோப்பு வந்து சேராவிட்டாலோ, பழைய கைப்பேசியின் உலாவிக்குப் புரியாத தொடரமைப்பில் எழுதப்பட்டிருந்தாலோ, சட்டம் வெறுமையாகவே இருக்கும். 2017 இல் வெளிவந்த ரியாக்ட் 16 பதிப்பு முதல், பிடிக்கப்படாத ஒரு பிழை எழுந்தால் வரையப்பட்ட பக்கம் முழுவதையும் அகற்றிவிடுவதே அந்நூலகத்தின் இயல்பாகும். தவறான தொகையையோ தவறான பெயரையோ காட்டுவதினும் ஒன்றையும் காட்டாதிருத்தல் நன்று என்பது இம்முடிவின் அடிப்படை.

ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் படிக்க உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோர் இதே முறிவைச் சந்திப்பதுண்டு. மொழிபெயர்ப்பி பக்கத்திலுள்ள உரைக்கணுக்களை நீக்கிப் புதியவற்றை இடுகின்றது. தளத்தின் நிரல் தான் வைத்த பழைய கணுவைத் தேடி அகற்ற முயலும்போது அது அவ்விடத்தில் இல்லாமையால் பிழை எழுந்து பக்கம் மறையும். மொழிபெயர்ப்பை நிறுத்தி மீண்டும் திறந்தால் பக்கம் தெரியும்.

ஆதரவு முடிந்த நுட்பங்கள்

அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 உடன் முடித்துக்கொண்டு, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்குவதைத் தடுத்தது. முகப்புப் பக்கம் முழுவதையும் ஃபிளாஷில் அமைத்திருந்த தளங்கள் அதன்பின் வெற்றுச் சட்டமாகத் தோன்றின.

தமிழ் எழுத்துக்களும் வெற்றுப் பக்கமும்

ஆங்கிலத் தளங்களில் அரிதாகவும் தமிழ்த் தளங்களில் அடிக்கடியும் ஏற்படும் காரணங்கள் சில உண்டு. இவை தமிழ் எழுத்துக்கள் கணினியில் சேமிக்கப்படும் முறையிலிருந்து எழுகின்றன.

பைட்டு வெட்டு

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட்டு இடம் கொள்ளும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். மேலும், உயிர்மெய்யெழுத்து பெரும்பாலும் மெய்யடிக்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக இரு குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது. புள்ளியும் ஒரு தனிக்குறியே.

விருதுநகர் மாவட்டத்தின் அண்டை நகரங்களான இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவற்றின் பெயர்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

இராஜபாளையம்: 11 குறிகள், 33 பைட்டுகள்
திருவில்லிபுத்தூர்: 18 குறிகள், 54 பைட்டுகள்

ஒரு தளத்தின் தரவுத்தளத்தில் ஊர்ப்பெயருக்கு 50 பைட்டுகள் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு வடிவமைத்தவருக்கு 50 என்பது தாராளமான அளவு. இராஜபாளையம் அதற்குள் அடங்கும். திருவில்லிபுத்தூர் அடங்காது. முதல் 48 பைட்டுகளில் "திருவில்லிபுத்தூ" என்பது வரை 16 குறிகள் முழுமையாக அமையும். எஞ்சிய 2 பைட்டுகள், 3 பைட்டுகள் வேண்டும் "ர" என்னும் எழுத்தின் முன்பகுதி மட்டுமே. இப்போது அச்சரம் செல்லுபடியாகாத யூடிஎஃப்-8 ஆகிவிடுகின்றது.

பி.எச்.பி. மொழியில், உரையிலுள்ள சிறப்புக் குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றித் தரும் செயற்கூறு ஒன்று உண்டு. ஏறத்தாழ எல்லாத் தளங்களும் உரையை வெளியிடுமுன் இதனைப் பயன்படுத்துகின்றன. 2012 இல் வெளியான 5.4 பதிப்பு முதல் இது உள்ளீட்டை இயல்பாகவே யூடிஎஃப்-8 எனக் கொள்கின்றது. உள்ளீட்டில் ஒரேயொரு பைட்டு முறையற்றதாக இருந்தாலும் அது முழுச் சரத்திற்கும் பதிலாக வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். பிழைச்செய்தி எதுவும் தராது. ஊர்ப்பெயர் மட்டும் இவ்வழியே சென்றால் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகும். கட்டுரையின் முழு உரையும் இவ்வாறு வெட்டப்பட்டு ஒரே சரமாகச் சென்றால் பக்கத்தின் உடல் முழுவதும் வெறுமையாகும். இராஜபாளையம் பக்கம் திறக்கும், அதே நிரலில் அதே வழங்கியில் திருவில்லிபுத்தூர் பக்கம் திறக்காது என்னும் புதிரான நிலை இதனால் தோன்றக்கூடும்.

2021 நவம்பரில் வெளியான பி.எச்.பி. 8.1 பதிப்பில் இவ்வியல்பு மாற்றப்பட்டது. அதன்படி முறையற்ற பைட்டுகளின் இடத்தில் ஒரு மாற்றுக்குறி இடப்பட்டு எஞ்சிய உரை காட்டப்படும்.

மைஎஸ்கியூஎல் 4.1 பதிப்புக்கு முன்னர் நிரல்களின் நீளம் பைட்டுகளிலேயே கணக்கிடப்பட்டது. அதன் பின்னரும் பல தமிழ்த் தளங்கள், ஒருங்குறி உரையை இலத்தீன்-1 என அறிவிக்கப்பட்ட அட்டவணைகளில் சேமித்து வந்தன. அந்த அறிவிப்பே 2018 இல் வெளியான 8.0 பதிப்பு வரை அம்மென்பொருளின் இயல்பாகவும் இருந்தது. இவ்வகை அட்டவணைகளில் பைட்டு வெட்டு எளிதில் நேரும்.

"ஸ்ரீ" சிக்கல்

திருவில்லிபுத்தூர் என்னும் ஊர் "ஸ்ரீவில்லிபுத்தூர்" எனவும் எழுதப்படுகின்றது. இவ்வடிவிலும் 18 குறிகளே உள்ளன. எனினும் முதலெழுத்தான "ஸ்ரீ" என்பதைக் கணினியில் இரு வகையில் உள்ளிடலாம். ஒன்று "ஸ" என்னும் எழுத்தை அடியாகக் கொண்டது. மற்றொன்று, 2005 இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட "ஶ" என்னும் எழுத்தை அடியாகக் கொண்டது. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும், பைட்டுகளோ வெவ்வேறு.

ஒருவர் ஒரு விசைப்பலகையில் சேமித்த பெயரை மற்றொருவர் வேறு விசைப்பலகையில் தேடினால் தரவுத்தளம் பொருத்தம் எதனையும் காணாது. "முடிவுகள் இல்லை" எனச் சொல்லும்படி எழுதப்படாத நிரல், வெற்றுப் பக்கத்தையே அனுப்பும். "கோ" போன்ற எழுத்துக்களிலும் இரு வகைச் சேமிப்பு உண்டு எனினும், ஒருங்குறியின் இயல்பாக்க முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். "ஸ்ரீ" எழுத்தின் இரு வடிவங்களை அம்முறை ஒன்றாக்குவதில்லை. எனவே தள நிரலே இரண்டையும் இணையாகக் கொள்ளும்படி எழுதப்பட வேண்டும்.

பைட்டு வரிசைக் குறி

விண்டோசின் நோட்பேட் மென்பொருளில் ஒரு கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகள் சேர்க்கப்பட்டு வந்தன. இது பைட்டு வரிசைக் குறி எனப்படும். பி.எச்.பி. கோப்பில் இது இடம்பெற்றால், நிரல் தொடங்கும் முன்னரே 3 பைட்டுகள் உலாவிக்கு அனுப்பப்பட்டுவிடும். அதன்பின் வேறு பக்கத்திற்கு மாற்றுவதற்கான தலைப்புவரியையோ நினைவியையோ அனுப்ப இயலாது. புகுபதிகை செய்தவுடன் வெற்றுப் பக்கம் தோன்றுவதற்கு இது பெயர்பெற்ற காரணம் ஆகும்.

ஆங்கிலக் கோப்பைத் திருத்துவோர் யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மென்பொருள்களின் இடைமுகத்தைத் தமிழாக்கியோர் அதனைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது. ஆகவே இப்பழுது தமிழாக்கத் தன்னார்வலர்களையே அதிகம் தாக்கியது. 2019 இல் வந்த விண்டோசு 10 இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் இக்குறியின்றிச் சேமிப்பதை இயல்பாகக் கொண்டுள்ளது.

எழுத்துரு வரும்வரை மறையும் உரை

தகுதரம், தாப், தாம் முதலிய பழைய குறியாக்கங்களில் அமைந்த பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாகத் தோன்றின. ஒருங்குறிப் பக்கங்கள் எழுத்துரு இல்லாவிடில் கட்டங்களாகத் தோன்றின. இவ்விரண்டும் வெற்றுப் பக்கம் அல்ல. வலை எழுத்துருக்கள் பரவிய பின்னரோ மூன்றாவது நிலை ஒன்று தோன்றியது. எழுத்துருக் கோப்பு வந்து சேரும்வரை உலாவி உரையை மறைத்து வைக்கின்றது. பல உலாவிகள் 3 வினாடிகளுக்குப் பின் மாற்று எழுத்துருவில் உரையைக் காட்டிவிடும். பழைய சில உலாவிகள் கால எல்லையின்றிக் காத்திருந்தன. மெதுவான இணைப்பில் இது வெற்றுப் பக்கமாகவே உணரப்பட்டது.

பயன் மிகுதியால் ஏற்படும் வெறுமை

நிரலில் பிழை ஏதும் இல்லாத தளமும், ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் அணுகும்போது தடுமாறும். தரவுத்தளம் ஏற்கும் இணைப்புகளின் எண்ணிக்கை நிரம்பிவிட, புதிய கோரிக்கைகள் விடையின்றித் திரும்புகின்றன. அல்லது பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகின்றது.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் 7 முதல் 9 இலட்சம் வரையான மாணவர்கள் இத்தேர்வை எழுதுகின்றனர். அவர்களும் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே முற்பகலில் அதே சில தளங்களை நாடுகின்றனர். இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விழுக்காட்டில் பலமுறை மாநிலத்தில் முதலிடம் பெற்றதாகும். முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவர் வெண்திரையைக் கண்டு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும்போது, ஒவ்வொரு சொடுக்கும் புதிய கோரிக்கையாகி வழங்கியின் சுமையை மேலும் கூட்டுகின்றது. இதனை ஈடுசெய்யும் பொருட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலுள்ள தேசிய தகவலியல் மையங்களிலும், மைய, கிளை நூலகங்களிலும் கட்டணமின்றி முடிவை அறியும் வசதி செய்யப்பட்டது. மாணவர் அளித்த கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையும் கொண்டுவரப்பட்டது.

வணிகத்தில் இதன் விளைவு உடனடியானது. சரக்கு மற்றும் சேவை வரியின் கீழ், 50,000 உரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிச் செல்ல இ-வே பில் என்னும் ஆவணத்தை இணையத்தில் பெறவேண்டும் என்ற விதி 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அன்றே தளம் தடுமாறியதால் நடுவண் அரசு அதனைக் கட்டாயமாக்குவதைத் தள்ளிவைத்தது. மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்துக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள்ளான போக்குவரத்துக்கு 2018 ஜூன் 2 முதலும் அது நடைமுறையானது. இராஜபாளையத்தின் நூற்பாலைகளிலிருந்தும், அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணிக் கூடங்களிலிருந்தும் வெளியூர் செல்லும் சரக்குகள் இவ்வாவணத்தைச் சார்ந்தவை. ஆவணத்தளம் திறக்காத நேரத்தில் ஏற்றப்பட்ட சரக்குந்து புறப்பட இயலாது.

2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கோவிட் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியபோதும் மிகுந்த பயன்பாட்டால் தளம் தொடக்கத்தில் தடுமாறியது.

நீதித்துறையிலும் இச்சார்பு வளர்ந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. அதன் வழக்குகளின் நிலையையும் அடுத்த விசாரணை நாளையும் மின்நீதிமன்றத் தளத்தில் அறியலாம். இத்தகைய தளத்தில் வெற்றுப் பக்கத்தைக் கண்டு "வழக்கு பட்டியலில் இல்லை" என முடிவு செய்தல் தவறாகும். வெறுமை என்பது "இல்லை" என்னும் விடை அன்று. விடை வரவில்லை என்பதே அதன் பொருள்.

காரணத்தைக் கண்டறிதல்

பார்வையாளர் செய்யத்தக்கவை

* வேறு உலாவியிலும், வேறு இணைப்பிலும் (எடுத்துக்காட்டாகக் கைப்பேசி வலையமைப்பில்) பக்கத்தைத் திறந்து பார்த்தல். ஓரிடத்தில் தெரிந்தால் பழுது தம் பக்கத்தில் இருக்கலாம்.
* தானியங்கி மொழிபெயர்ப்பு, விளம்பரத் தடுப்பி முதலிய நீட்சிகளை நிறுத்திப் பார்த்தல்.
* உலாவியின் இடைமாற்று நினைவகத்தைத் துடைத்தல்.
* பக்கத்தின் மூலத்தைப் பார்த்தல். மூலமும் வெறுமையெனில் பழுது வழங்கியில் உள்ளது. மூலத்தில் உரை இருந்தும் திரையில் இல்லையெனில் பழுது குறிமொழியிலோ எழுத்துருவிலோ உள்ளது. மூலத்தில் சட்டம் மட்டும் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் முறிந்துள்ளது எனக் கொள்ளலாம்.

பணம் செலுத்திய பின் வெற்றுப் பக்கம் தோன்றினால் உடனே புதுப்பிக்கக் கூடாது. படிவம் வழங்கியைச் சென்றடைந்து பணம் பெறப்பட்ட பின்னர், நன்றிப் பக்கத்தை ஆக்கும்போது மட்டும் நிரல் நின்றிருக்கலாம். புதுப்பித்தால் அதே படிவம் இரண்டாம் முறை அனுப்பப்படக்கூடும். முதலில் வங்கிக் கணக்கையும் குறுஞ்செய்தியையும் சரிபார்த்தல் வேண்டும்.

தள உரிமையாளர் செய்யத்தக்கவை

* முதற்கண் வழங்கியின் பிழைப் பதிகையைப் பார்த்தல். திரையில் மறைக்கப்பட்ட செய்தி பெரும்பாலும் அங்கு கோப்பின் பெயருடனும் வரி எண்ணுடனும் எழுதப்பட்டிருக்கும்.
* பதிகை கிடைக்காவிடில், பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பைச் சிறிது நேரம் மட்டும் இயக்கி, காரணம் தெரிந்தவுடன் அணைத்துவிடுதல்.
* கடைசியாக மாறியது எது என ஆராய்தல்: செருகுநிரல், தோற்றம், பி.எச்.பி. பதிப்பு, வட்டில் எஞ்சிய இடம்.
* செருகுநிரல்கள் அனைத்தையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கிப் பார்த்தல்.
* ஒரு பக்கம் மட்டும் வெறுமையெனில், அதன் உரையில் வெட்டுண்ட பைட்டுகள் உள்ளனவா எனச் சோதித்தல்.

2019 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு, கடும்பிழை நேர்ந்தால் வெண்திரைக்குப் பதிலாக ஒரு செய்தியைப் பார்வையாளருக்குக் காட்டி, மீட்புக்கான இணைப்பை நிருவாகிக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வசதியைச் சேர்த்தது.

தடுத்தல்

தமிழ்த் தளங்களை ஆக்குவோர், உரையைப் பைட்டுக் கணக்கில் வெட்டாமல் எழுத்துக் கணக்கில் வெட்டும் செயற்கூறுகளைப் பயன்படுத்துதல் இன்றியமையாதது. 51 பைட்டுகளில் வெட்டினால் "திருவில்லிபுத்தூர" எனப் புள்ளி இழந்த பெயர் கிடைக்கும். அது கணினிக்கு முறையானதாகத் தோன்றினும் படிப்பவருக்குப் பிழையே. ஆகவே குறிகளின் எல்லையில் வெட்டினால் மட்டும் போதாது. முழு எழுத்தின் எல்லையில் வெட்டவேண்டும். ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு மட்டும் சோதிக்கப்பட்ட தளத்தில் இக்குறைகள் வெளிப்படா. நீளமான தமிழ்ப் பெயர்களை உள்ளிட்டுச் சோதிக்கும் வழக்கம் இதனால் பரிந்துரைக்கப்படுகின்றது.

தேர்வு முடிவு போன்று ஒருமுறை மட்டும் கணிக்கப்படும் தரவுகளை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்தைக் கேட்காமல், முன்னரே ஆக்கி வைத்த நிலைத்த கோப்புகளாக வழங்கினால் வழங்கியின் சுமை பெரிதும் குறையும்.

உள்ளடக்கத்தை மீட்டல்

வெறுமையான தளத்தின் படைப்புகள் தரவுத்தளத்தில் இருக்குமாயின், கட்டணம் முடியும் முன் அதன் படியை எடுத்து வைத்தல் முதற்பணி ஆகும். தரவுத்தளம் கிடைக்காவிடில், 2001 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இணைய ஆவணகத்தின் வேபேக் எந்திரத்தில் பழைய படிகளைத் தேடலாம். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது அங்கு இலவசமாக அமைந்திருந்த எண்ணற்ற தனியார் பக்கங்கள் மறைந்தன. அவற்றுள் ஒரு பகுதி இத்தகைய ஆவணகங்களால் மட்டுமே எஞ்சியது.

இவற்றையும் பார்க்கவும்

* வலை உலாவி
* வழங்கி
* ஒருங்குறி
* யூடிஎஃப்-8
* தமிழ் எழுத்துருக்கள்
* இராஜபாளையம்
* திருவில்லிபுத்தூர்